தரைக்குக் கீழே லாங்ஸ்டன் ஹியூஸ்: ஒரு இயக்கத்துக்கு மூன்று அஞ்சலிகள்

1991 பிப்ரவரியில் செஸ்டர் ஹிக்கின்ஸ் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் கவிஞர் அமிரி பராக்காவும் ஜோடியாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு வயது 62, இவருக்கு 56. பகிர்பவர்கள் பெரும்பாலும் ‘என்ன ஒரு உற்சாகம்!’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தகவலைச் சேர்த்துக்கொண்டு பார்த்தால் அந்தப் படமே வேறு மாதிரி ஆகிவிடும். அவர்கள் ஆடுவது ஒரு கவிஞரின் அஸ்திக்கு மேலே.

இடம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135-வது தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருக்கும் ஷோம்பர்க் ஆய்வு மையம். நியூயார்க் பொது நூலகத்தின் ஒரு பகுதி அது. அங்கே லாங்ஸ்டன் ஹியூஸ் பெயரில் ஒரு அரங்கம் இருக்கு. அரங்கத்துக்குள் நுழையும் முன்கூடத்தின் தரையில் வட்டமாக ஒரு கலைப்படைப்பு பதிக்கப்பட்டிருக்கிறது. பெயர் ‘நதிகள்’. அதன் நடுவில், தரைக்குக் கீழே, 1967-ல் இறந்த ஹியூஸின் சாம்பல்.

ஹார்லெம் மறுமலர்ச்சிக்குச் செய்யப்பட்ட அஞ்சலிகளில் ‘நதிகள்’ மிகச் சிறந்த ஒன்று என்று நினைக்கிறேன். அதே சமயம் அது முக்கியமான ஒரு இடத்தில் ஜாக்கிரதையாக ஒதுங்கிக்கொண்டது என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு. துணைக்கு இன்னும் இரண்டு படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு படம், ஒரு சுவரோவியம்.

முதலில் கொஞ்சம் பின்னணி

முதல் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பருத்திக் காட்டுக் கூலி, கும்பல் கொலைகள், தனி வண்டி, தனிப் பள்ளி என்ற இனப்பிரிவினைச் சட்டங்கள் எல்லாம் ஒரு பக்கம் தள்ள, தொழிற்சாலை வேலை இன்னொரு பக்கம் இழுத்தது. வந்தவர்களில் பலர் குடியேறிய இடம் ஹார்லெம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அங்கேயே சேர்ந்தார்கள். 1920-களில் அந்தச் சில தெருக்களிலிருந்து கவிதை, நாவல், ஓவியம், சிற்பம், ஜாஸ், நாடகம் என்று கிளம்பியதைத்தான் இன்று ஹார்லெம் மறுமலர்ச்சி என்கிறோம். அன்று அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘புதிய நீக்ரோ இயக்கம்’. (நீக்ரோ என்பது அந்தக் காலத்தில் அவர்களே பெருமையோடு பயன்படுத்திய சொல். இன்று யாரும் அப்படி அழைப்பதில்லை. பழைய தலைப்புகளில் மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.)

1925 மார்ச்சில் ‘சர்வே கிராஃபிக்’ பத்திரிகை ஹார்லெமுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. அதன் ஆசிரியப் பொறுப்பு தத்துவப் பேராசிரியர் ஆலன் லாக்கிடம். அதே ஆண்டு அதை விரித்து ‘புதிய நீக்ரோ’ என்ற தொகைநூலாகக் கொண்டுவந்தார். பிறகு 1929-ல் பங்குச்சந்தை சரிந்தது, பொருளாதார மந்தம் வந்தது, 1935-ல் ஹார்லெமில் கலவரம். இயக்கம் அதற்குள் கலைந்துவிட்டது.

இப்படி ஒரு இயக்கத்துக்கு அஞ்சலி செய்வது எப்படி? சுலபமான வழி, பெரிய முகங்களை வரிசையாக நிறுத்துவது. ஃபெய்த் ரிங்கோல்ட் 1996-ல் 125-வது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் செய்த ‘வீட்டுக்குப் பறத்தல்’ என்ற மொசைக் அந்த வகையில் நல்லதொரு உதாரணம். ஹார்லெமின் நாயகர்களும் நாயகிகளும் அந்த ஊர்க் கட்டடங்களுக்கு மேலே பறந்து போகிறார்கள். ரிங்கோல்ட் ஹார்லெமிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்தப் பாசம் படத்தில் தெரியும். ரயிலுக்கு நிற்கும் ஒரு குழந்தை நிமிர்ந்து பார்த்து ‘யார் இவங்க?’ என்று கேட்டால் போதும், படைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் முகங்களின் வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. அதில் எல்லோரும் எல்லோருடனும் ஒத்துப்போனவர்கள் போலத் தெரிவார்கள். உண்மையில் அவர்கள் ஓயாமல் சண்டை போட்டவர்கள். கலை என்பது இனத்தின் மானத்தைக் காக்க வேண்டுமா, இல்லை குடி, காமம், வறுமை எல்லாவற்றையும் உள்ளபடி காட்ட வேண்டுமா என்பதுதான் பெரிய சண்டை. டூ போய்ஸ் போன்ற மூத்தவர்கள் ஒரு பக்கம், ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன், வாலஸ் தர்மன் போன்ற இளையவர்கள் இன்னொரு பக்கம். 1926-ல் ‘நேஷன்’ பத்திரிகையில் ஹியூஸ் எழுதிய கட்டுரை அந்தச் சண்டையின் அறிக்கை மாதிரி. வெள்ளையருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சரி, எங்கள் ஆட்களுக்கே பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சரி, நாங்கள் எழுதுவதை எழுதுவோம் என்பது அதன் சாரம்.

ஆகவே ஒரு அஞ்சலியைப் பார்க்கும்போது எனக்கு எழும் கேள்வி இதுதான்: அந்தச் சண்டையில் எவ்வளவை அது மிச்சம் வைத்திருக்கு?

‘நதிகள்’: நடப்பதற்காகவே ஒரு படைப்பு

‘நதிகள்’ மூன்று பேரின் கூட்டு வேலை. சிற்பி ஹூஸ்டன் கான்வில், அவருடைய சகோதரியும் கவிஞருமான எஸ்டெல்லா கான்வில் மஜோசோ, கட்டடக்கலைஞர் ஜோசப் டிபேஸ். பளபளப்பாக இழைத்த டெராசோ தரையில் பித்தளைக் கோடுகளும் எழுத்துகளும். தலைப்பு ஹியூஸின் ‘நீக்ரோ நதிகளைப் பற்றிப் பேசுகிறான்’ கவிதையிலிருந்து வருகிறது. அதை எழுதியபோது ஹியூஸுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1920-ல், அப்பாவைப் பார்க்க மெக்சிகோவுக்கு ரயிலில் போகும் வழியில், மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும்போது தோன்றிய கவிதை. 1921 ஜூனில், டூ போய்ஸ் ஆசிரியராக இருந்த ‘கிரைசிஸ்’ இதழில் வெளியானது. யூப்ரடீஸ், காங்கோ, நைல், மிசிசிப்பி என்று நான்கு நதிகள் அதில் வரும். சின்னக் கவிதைதான். தன் மக்களின் வரலாறு அடிமைக் கப்பலில் தொடங்கவில்லை, அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியது என்று அது சொல்கிறது.

படைப்பின் வடிவம் காங்கோ மக்களின் பிரபஞ்சப் படத்திலிருந்து எடுத்தது. ஒரு வட்டம், உள்ளே ஒரு கூட்டல் குறி. கிடைக்கோடு தண்ணீர். அதற்கு மேலே உயிருள்ளவர்கள், கீழே இறந்தவர்கள். சூரியன் இந்தப் பக்கம் மறைந்தால் அந்தப் பக்கம் உதிக்கிறது. மனிதனும் அப்படியே. சாவு என்பது தண்ணீருக்கு அடியில் போய் மறுபடி சுற்றி வருவது.

இப்போ தரைக்கு வருவோம். எழுத்துள்ள காகிதம் காலில் பட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஒரு கவிஞரின் வரிகளையும் சாம்பலையும் ஆட்கள் நடமாடும் தரையில் வைத்தார்கள் என்று படித்தபோது சட்டென்று ஒரு நெருடல் இருந்தது. காங்கோ மரபைப் பற்றிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மரபில் இந்தக் குறியைத் தரையில் வரைந்து, அதன் மேல் நின்றுதான் சத்தியம் செய்வார்கள். கோடுகள் சந்திக்கும் புள்ளியில் நிற்பவர் இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிறார். அதாவது, இந்தப் படத்தின் மேல் ஏறி நிற்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. சுவரில் மாட்டினால் அது வெறும் படமாகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் புகைப்படத்துக்குத் திரும்பினால், ஆட்டம் விளையாட்டாகத் தெரியாது. கூட்டல் குறியின் நடுவில், இறந்தவருக்கு நேர் மேலே, இரண்டு எழுத்தாளர்கள் தங்கள் முறைக்கு நிற்கிறார்கள். ஹியூஸுக்கும் இது பிடித்திருக்கும். அவருடைய இறுதிச் சடங்கிலேயே பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் குழு ஜாஸ் வாசித்தது. டியூக் எலிங்டனின், ‘என்னிடமிருந்து தகவல் வரும்வரை எதுவும் செய்யாதே’ என்ற பொருள்படும் தலைப்புள்ள பாட்டு அதில் உண்டு. தன் சாவிலேயே ஒரு குறும்பு செய்துவிட்டுப் போன மனிதர்.

அந்த ஜோடியில் பராக்கா இருப்பதும் முக்கியம். 1965-ல் ஹார்லெமில் கறுப்புக் கலை நாடகப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். அவருடைய தலைமுறையின் கறுப்புக் கலை இயக்கம் ஹார்லெம் மறுமலர்ச்சியை லேசில் விடவில்லை. வெள்ளைப் புரவலர்களின் பணத்தில் நடந்தது, சொந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று கடுமையாகவே விமர்சித்தார்கள். அவருடைய சகா லாரி நீல் 1968-ல் அதை ஒரு தோல்வி என்றே எழுதினார். புரவலர் விஷயம் பொய்யும் இல்லை. ஷார்லட் ஆஸ்குட் மேசன் என்ற பணக்காரச் சீமாட்டி ஹியூஸுக்கும் ஹர்ஸ்டனுக்கும் சில வருடங்கள் மாதப்பணம் கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்பதிலும் தலையிட்டார். 1930-ல் ஹியூஸ் அந்த உறவை முறித்துக்கொண்டு வந்தார். இதையெல்லாம் அறிந்த, விமர்சித்த ஒரு தலைமுறையின் ஆள்தான் 1991-ல் அந்தத் தரையில் ஆடுகிறார். சண்டைக்குப் பிறகு வரும் மரியாதை அது. அதன் எடையே வேறு.

கூடவே ஒரு வங்கி ஊழியர்

‘நதிகள்’ இரண்டு பேருக்கு அஞ்சலி. இரண்டாமவர் அர்த்தூரோ ஷோம்பர்க், மையத்தின் பெயருக்குச் சொந்தக்காரர். எனக்கு இந்தப் படைப்பில் ரொம்பப் பிடித்த முடிவு இதுதான்.

ஷோம்பர்க் 1874-ல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். பள்ளியில் ஒரு ஆசிரியர், கறுப்பர்களுக்கு வரலாறு என்று ஒன்றும் கிடையாது என்று சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்த கதை பிரபலம். அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்வதற்காக வாழ்நாள் முழுக்கப் புத்தகம், கையெழுத்துப் பிரதி, துண்டுப் பிரசுரம், படம் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். கல்லூரிப் பட்டம் கிடையாது. இருபது வருடங்களுக்கு மேல் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை. சம்பளம் அங்கே, உயிர் இங்கே. வார இறுதிகளில் பழைய நூல்களோடு மல்லுக்கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு குலதெய்வம்.

1926-ல் கார்னகி நிறுவனம் கொடுத்த 10,000 டாலரில் நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 5,000-க்கு மேல் புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள், 2,000 செதுக்கோவியங்கள், இன்னும் சில ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள். 1932 முதல் 1938-ல் இறக்கும்வரை அந்தத் தொகுப்பின் காப்பாளராகவும் இருந்தார்.

ஒரு கலை இயக்கத்துக்கு அஞ்சலி என்றால் கவிஞரையும் பாடகரையும் நினைப்பது வழக்கம். கவிஞருக்குச் சமமாக ஒரு சேகரிப்பாளரை உட்கார வைக்க யாருக்குத் தோன்றும்? ‘எங்களுக்குப் பழமை உண்டு’ என்று கவிதையில் ஹியூஸ் சொன்னார். ‘இதோ ஆதாரம்’ என்று அலமாரியில் காட்டியவர் ஷோம்பர்க். ஒன்று இல்லாமல் இன்னொன்று நிற்காது. இதை இரண்டு வார்த்தைகூடச் சொல்லாமல், இருவரையும் ஒரே வட்டத்துக்குள் வைத்தே புரியவைத்துவிடுகிறார்கள்.

அப்போ குறை என்ன?

குறை, தேர்ந்தெடுத்த வரியில் இருக்கு. வட்டத்தின் நடுவில் இருப்பது அந்த நதிக் கவிதையின் முடிவு வரி. அழகான வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஹியூஸ் எழுதியவற்றிலேயே யாருக்கும் ஆட்சேபம் வராத வரி. பள்ளிப் பாடத்தில் வரும், அரசு விழாவில் வாசிக்கலாம், எல்லாக் கட்சிக்காரரும் கைதட்டலாம். சொந்த ஆட்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுவேன் என்ற ஹியூஸ் அதில் இல்லை. 1930-களின் இடதுசாரி ஹியூஸ் இல்லை. 1953-ல் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழு முன்னால் உட்கார வைக்கப்பட்ட ஹியூஸும் இல்லை.

ஆட்களிலும் இதே கதைதான். அந்த நூலகத்தில் ஷோம்பர்க்குக்கு முன்பே வேலை பார்த்தவர் கேத்தரின் லாட்டிமர். நியூயார்க் பொது நூலகம் 1920-ல் எடுத்த முதல் கறுப்பின நூலகர். 135-வது தெருக் கிளையில் கறுப்பின இலக்கியம், வரலாற்றுக்கான தனிப் பிரிவை நடத்தியவர். செய்தித்தாள்களைக் கத்தரித்து, ஒட்டி, வகைப்படுத்தி ஆய்வாளர்களுக்கு அவர் உருவாக்கிக் கொடுத்த கோப்புகள் எத்தனையோ பேருக்கு உதவின. வட்டம் இரண்டு ஆண்களுக்கானது. அந்த வேலையை நாள்தோறும் செய்த பெண்கள் வட்டத்துக்கு வெளியே.

எல்லாரையும் போட முடியுமா, இடம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஒரு தரைக்கு எல்லை உண்டு. ஆனால் எதை விட்டோம் என்பதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. அது ‘நதிகள்’ வருவதற்கு இரண்டே வருடம் முன்பு நியூயார்க்கில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் தெளிவாகும்.

ஒலி குறைக்கப்பட்ட அஞ்சலி

1989-ல் ஐசக் ஜூலியன் என்ற இளம் இயக்குநர் ‘லாங்ஸ்டனைத் தேடி’ என்று ஒரு படம் எடுத்தார். லண்டனில் பிறந்தவர், பெற்றோர் செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்தவர்கள். படம் கறுப்பு-வெள்ளை, முக்கால் மணி நேரம் ஓடும். வாழ்க்கை வரலாறு என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். கனவு போல நகரும் படம். ஒரு இறுதிச் சடங்கில் தொடங்குகிறது. சவப்பெட்டியில் படுத்திருப்பவர் இயக்குநரே. பிறகு கேமரா கீழே இறங்கினால் 1920-களின் ஒரு இரவு விடுதி. ஆண்கள் ஆண்களோடு ஆடுகிறார்கள். மேலே துக்கம், கீழே கொண்டாட்டம். காங்கோக்காரர்களின் படத்தை ஜூலியன் நினைத்தாரோ இல்லையோ, அமைப்பு அப்படியேதான் இருக்கு.

ஜூலியன் தேடுவது ஹியூஸின் காதல் வாழ்க்கையை. ஹியூஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தன் அந்தரங்கத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. அவருடைய வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதிய ஆர்னால்ட் ராம்பர்சாட், அவர் ஆண்களை நேசித்தவர் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றார். வேறு சில ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. படம் தீர்ப்புச் சொல்லவில்லை, தலைப்பிலேயே ‘தேடி’ என்றுதான் இருக்கு. ஆனால் தேடிப் போகும் வழியில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒருவரைக் கண்டுபிடிக்கிறது: ரிச்சர்ட் புரூஸ் நியூஜென்ட். 1926 நவம்பரில் இளையவர்கள் சேர்ந்து ‘ஃபயர்!!’ என்று ஒரு இதழ் கொண்டுவந்தார்கள். மூத்தவர்களை வேண்டுமென்றே சீண்டிய இதழ். அதில் நியூஜென்ட், ஒரு ஆண் இன்னொரு ஆண் மீது கொள்ளும் ஆசையை மறைக்காமல் எழுதினார். குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்க, கடைசிப் பெயரை விட்டுவிட்டு ரிச்சர்ட் புரூஸ் என்று மட்டும் போட்டுக்கொண்டார். இதழ் ஒன்றோடு நின்றது. விற்காமல் கிடந்த பிரதிகளில் பல தீப்பிடித்து எரிந்துபோயின. பெயர் வைத்த ராசி!

படம் வந்த காலத்தையும் கவனிக்கணும். எய்ட்ஸ் கொத்துக்கொத்தாக உயிர்களை எடுத்துக்கொண்டிருந்த நேரம். பிரிட்டனில் 1988-ல் வந்த 28-வது பிரிவு என்ற சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் ஓரினக் காதலை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது. படத்தில் அமெரிக்கக் கவிஞர் எசெக்ஸ் ஹெம்ப்ஹில்லின் கவிதைகள் நிறைய வருகின்றன. அவரும் 1995-ல் எய்ட்ஸால் இறந்தார். 1920-களின் உடையில் இருப்பவர்கள் 1980-களின் ஹவுஸ் இசைக்கு ஆடுவார்கள். காலம் தப்பிவிட்டதே என்று முதலில் தோன்றும். அறுபது வருடம் கழித்தும் அவர்கள் அதே ஒளிந்த அறையில்தான் ஆட வேண்டியிருக்கிறது என்று அப்புறம் உறைக்கும். கடைசியில் ஒரு கும்பலும் போலீசும் கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தப் படம் நியூயார்க் திரைப்பட விழாவுக்கு வந்தபோது, ஹியூஸின் எழுத்துரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். விளைவு, ஹியூஸின் குரலும் கவிதையும் வரும் இடங்களில் திரையரங்கில் ஒலியைக் குறைத்தார்கள். திரையில் ஹியூஸின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை!

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதே நகரம், அதே கவிஞர். 1989-ல் ஒரு அஞ்சலியின் சத்தம் குறைக்கப்படுகிறது. 1991-ல் இன்னொரு அஞ்சலியில் அவர் வரி பித்தளையில் பதிகிறது. ‘நதிகள்’ செய்த மூவரும் இந்த ஆட்சேபத்தில் எந்தப் பங்கும் உள்ளவர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனி விஷயங்கள். ஆனால் எந்த ஹியூஸுக்கு இடம் கிடைத்தது, எந்த ஹியூஸுக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்த இரண்டு தேதிகளும் சேர்ந்து காட்டிக்கொடுக்கின்றன. அந்தக் காலத்து மூத்தவர்கள் ‘ஃபயர்!!’ இதழைப் பார்த்து முகம் சுளித்ததன் தொடர்ச்சிதான் இது. இனத்தின் மானம் பெரிதா, தனி மனிதனின் உண்மை பெரிதா என்ற அதே பழைய வழக்கு, புது நீதிமன்றத்தில்.

முதல் அஞ்சலி உள்ளேயே நடந்தது

சண்டையையும் சரிவையும் மறைக்காமல் ஒரு பொதுக் கட்டடத்தில் அஞ்சலி செய்யவே முடியாதா? முடியும். அதே நூலகத்துக்காக 1934-ல் ஒருவர் செய்து காட்டினார்.

ஏரன் டக்ளஸ் இயக்கத்தின் உள்ளிருந்து வந்த ஓவியர். ‘ஃபயர்!!’ அட்டையை வரைந்தவரும் அவரே. மந்த காலத்தில் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின் கீழ், 135-வது தெரு நூலகத்துக்காக ‘நீக்ரோ வாழ்வின் அம்சங்கள்’ என்று நான்கு பெரிய ஓவியங்கள் வரைந்தார். நிழலுருவங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் வட்டங்கள், மங்கிய பச்சையும் ஊதாவும். ஆப்பிரிக்காவில் தொடங்கி, அடிமைத்தனம், விடுதலை வழியாக நகரத்துக்கு வரும் கதை. இன்றும் அவை ஷோம்பர்க் மையத்தின் சொத்து.

நான்காவது ஓவியத்தின் பெயர் ‘கோபுரங்களின் பாட்டு’. நடுவில் ஒருவர் சாக்ஸஃபோனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். தூரத்தில் வட்டங்களின் மையத்தில் சின்னதாகச் சுதந்திர தேவி சிலை. 1920-களின் ஹார்லெமுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல சுவரொட்டி. டக்ளஸ் நிறுத்தவில்லை. இசைக்கலைஞர் நிற்பது ஒரு ராட்சதப் பற்சக்கரத்தின் மேல். கையில் பெட்டியோடு ஒருவர் அதே சக்கரத்தில் ஏறி ஓடிவருகிறார், தெற்கிலிருந்து தப்பி வந்தவர். அவரைப் பிடிக்க எலும்புக் கை ஒன்று நீள்கிறது. இன்னொரு பக்கம் ஒருவர் தளர்ந்து சரிகிறார், மந்தத்தில் வேலை போனவர். வருகை, உச்சம், வீழ்ச்சி மூன்றும் ஒரே சக்கரத்தில். இயக்கம் முடிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே, அதற்குள் இருந்தபடியே வரைந்த அஞ்சலி இது. அரசாங்கக் காசில் வேறு!

மென்பொருளில் ஒரு பழக்கம் உண்டு. நிரலின் இப்போதைய வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டோம். யார், எப்போ, எதை, ஏன் மாற்றினார்கள் என்ற மாற்றக் குறிப்புகளையும் சேர்த்தே வைத்திருப்போம். ‘ஏன் இப்படி இருக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் அந்தக் குறிப்புகளில்தான் கிடைக்கும். டக்ளஸின் ஓவியத்தில் குறிப்புகள் இருக்கின்றன. ஜூலியனின் படம் அழிக்கப்பட்ட குறிப்புகளைத் தேடுகிறது. ‘நதிகள்’ நம்மிடம் இறுதி வடிவத்தைக் கொடுக்கிறது. ரொம்ப அழகான இறுதி வடிவம், ஆனால் குறிப்புகள் இல்லை.

ஷோம்பர்க்கின் பதில்

இப்படிச் சொல்லிவிட்டு ‘நதிகள்’ மேல் குறை கண்டதோடு முடித்தால் அது நியாயமாக இருக்காது. காரணம், அந்த வட்டத்தில் இருக்கும் இரண்டாவது பெயர்.

சேகரிப்பாளன் கவிஞனைப் போல ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பதில்லை. கிடைத்ததை எல்லாம் எடுத்து வைக்கிறான். எது பெருமை, எது அவமானம் என்று வருங்காலம் முடிவு செய்யட்டும் என்பதே அவன் கொள்கை. 1925-ல் ஷோம்பர்க் எழுதிய கட்டுரையின் வாதமும் இதுதான்: எதிர்காலத்தை உருவாக்க வேண்டுமென்றால் கடந்த காலத்தைத் தோண்டி எடுத்தாக வேண்டும். தோண்டுபவன் வேண்டாததை மறுபடி புதைக்க முடியாது.

அந்தக் கொள்கை அவருக்குப் பின்னும் அதே கட்டடத்தில் வேலை செய்தது. இன்று ஷோம்பர்க் மையத்தில், கறுப்பின ஓரினக் காதலர்களின் எழுத்துகளையும் ஆவணங்களையும் சேர்த்து வைக்கும் ‘இன் த லைஃப்’ என்ற தனி ஆவணக் காப்பகம் இருக்கு. அந்தப் பெயர், ஜோசஃப் பீம் 1986-ல் கொண்டுவந்த, கறுப்பின ஓரினக் காதலர்கள் எழுதிய தொகைநூலின் பெயர். பீமின் காகிதங்களும் அங்கேதான் இருக்கின்றன. 1988-ல் அவர் இறந்த பிறகு அடுத்த தொகைநூலை முடித்துக் கொடுத்தவர் எசெக்ஸ் ஹெம்ப்ஹில், ஜூலியனின் படத்தில் குரலாக ஒலிப்பவர். ஆக, நூலகத்தின் தரை சொல்லாததை நூலகத்தின் அலமாரி சொல்கிறது.

இதனால்தான், கவிஞரின் சாம்பலை ஒரு கல்லறைத் தோட்டத்தில் வைக்காமல் நூலகத்தில் வைத்தது சரியான முடிவு என்று படுகிறது. கல்லறையில் கல்லில் வெட்டியதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே அந்த வட்டத்தைக் கடந்து உள்ளே போகிறவர், அந்த வரிக்கு எதிரான சாட்சியத்தையும் கேட்டு வாங்கிப் படிக்க முடியும்.

இந்த இயக்கத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: மூன்றையும் அவை செய்யப்பட்ட வரிசையிலேயே பாருங்க. முதலில் டக்ளஸின் நான்கு ஓவியங்கள். அடுத்து ஜூலியனின் படம். கடைசியில் ‘நதிகள்’. நல்ல புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கும், நானே அப்படித்தான் பார்த்தேன். வரிசை மாறினால், தரையில் இருக்கும் அந்த வரி ஒரு இனிமையான வாழ்த்து மாதிரித் தெரியும். இந்த வரிசையில் வந்தால், அந்த ஒரு வரி பித்தளையில் ஏறுவதற்கு முன்னால் எத்தனை வரிகள் எரிந்தன, எத்தனை வரிகளுக்கு ஒலி குறைக்கப்பட்டது என்பதும் காலடியில் தட்டுப்படும்.